பாரிஸுக்கு மேலே ஒரு பேராயர்: ஸான்ஸ் உயர்மறைமாவட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பிரெஞ்சுப் பேராலயங்களைப் பற்றிச் சொல்லும்போது, ‘1622 வரை பாரிஸ் ஆயர் ஸான்ஸ் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள் வாசகர்கள். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: பாரிஸ் தலைநகரம். ஸான்ஸை வரைபடத்தில் தேடிப்பிடிக்கவே நேரமானது. அந்தச் சின்ன ஊருக்குக் கீழா பாரிஸ்? அச்சுப் பிழையோ?

ப: பிழை இல்லை. பாரிஸுக்குத் தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், யோன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஸான்ஸ். இன்று அது சிற்றூர்தான். ஆனால் திருச்சபையில் எந்த ஊர் எதற்குக் கீழ் என்று முடிவானது ரோமானியர் காலத்தில். 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் லியோனைத் தலைநகராகக் கொண்ட பெரிய மாநிலத்தைக் கூறு போட்டு நான்காக்கினார்கள். நான்காவது கூறுக்குத் தலைநகர் ஸான்ஸ். அது காலியாவில் (இன்றைய பிரான்சுப் பகுதியின் ரோமானியர் காலப் பெயர்) வாழ்ந்த செனோன் என்ற இனத்தாரின் ஊர். கி.மு. 390 வாக்கில் பிரென்னுஸ் தலைமையில் ரோம் நகரையே சூறையாடியவர்கள் அந்த இனத்தார்தான். பாரிஸ் அந்த மாநிலத்துக்குள் அடங்கிய நகரங்களில் ஒன்று, அவ்வளவே.

அரசு போட்ட கோட்டைத் திருச்சபை அப்படியே எடுத்துக்கொண்டது. மாநிலத் தலைநகரில் பேராயர், மற்ற நகரங்களில் ஆயர்கள். ஓர் ஆயரின் பகுதி மறைமாவட்டம்; ஒரு பேராயரின் தலைமையில் வரும் மறைமாவட்டங்கள் சேர்ந்தது மறைமாநிலம். 5-ஆம் நூற்றாண்டில் ரோமானிய ஆட்சி போய்விட்டது. கோடு மட்டும் போகவில்லை. பிறகு பிராங்கு அரசர்கள் பாரிஸில் அமர்ந்தார்கள், பல்கலைக்கழகம் வந்தது, நோத்ர் தாம் பேராலயம் எழுந்தது. எதுவும் அந்தக் கோட்டை நகர்த்தவில்லை. பிரெஞ்சு மறைமாவட்ட வரலாற்றில் குழப்பம் வந்தால் முதலில் ரோமானிய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஸான்ஸுக்குக் கீழ் இருந்தவை ஏழு: ஷார்த்ர், ஓஸேர், மோ, பாரிஸ், ஒர்லேயான், நெவேர், த்ருவா. இவற்றில் நெவேர் மட்டும் பின்னால், 500-ஐ ஒட்டிச் சேர்ந்தது. மற்றவை ரோமானியர் காலத்திலேயே நகரங்கள். ஏழின் லத்தீன் பெயர்களுடைய முதல் எழுத்துகளைக் கோத்து ‘காம்போந்த்’ என்று ஒரு நினைவுச் சொல்லும் வைத்திருந்தார்கள்.

கே: ஸான்ஸ் மறைமாவட்டத்தைத் தொடங்கியவர்கள் புனித பேதுருவே அனுப்பிய சாவினியனும் பொத்தென்சியனும் என்று படித்தேன். உண்மையா?

ப: இருவரும் ஸான்ஸில் வணங்கப்படும் புனிதர்கள் என்பது உண்மை. பேதுரு அனுப்பினார் என்பது பிற்காலத்தில் சேர்ந்த மரபுக் கதை. பிரான்சில் இப்படிப்பட்ட கதைகள் ஏராளம். முதல் ஆயர் திருத்தூதரின் நேரடிச் சீடர் என்று காட்டிவிட்டால் பக்கத்து மறைமாவட்டத்தைவிடத் தாம் மூத்தவர் என்று வாதாட வழி பிறக்கும். ஆய்வாளர்கள் இவர்களை 3-ஆம் நூற்றாண்டுக்கு முன்னே கொண்டுபோவதில்லை. பேராலயத்துக்காக 1560-இல் வார்த்த இரண்டு பெரிய மணிகளுக்கு இவர்கள் பெயர்தான்.

கே: பேராயர் மேலே, ஆயர் கீழே என்றால் ஸான்ஸ் பேராயர் பாரிஸில் நினைத்ததைச் செய்யலாமா? அந்த அதிகாரம் காகிதத்தில் மட்டுமா?

ப: அன்றாட நிர்வாகத்தில் அவர் தலையிட முடியாது. பாரிஸின் பங்குகளும் (ஊர்க் கோயில் வட்டாரங்கள்) குருக்களும் வருமானமும் பாரிஸ் ஆயருடையவை. பேராயருக்கு இருந்த முக்கிய உரிமைகள் மூன்று. மறைமாநிலத்து ஆயர்களைக் கூட்டிச் சங்கம் நடத்தலாம். ஆயருடைய நீதிமன்றத் தீர்ப்பின் மேல் வரும் முறையீட்டை விசாரிக்கலாம். புதிய ஆயரின் தேர்வை உறுதிசெய்து திருநிலைப்படுத்தலாம். இதில் மூன்றாவது மெல்ல மெல்ல ரோமின் கைக்குப் போனது. முதலாவது மட்டும் கூர் மழுங்காமல் இருந்தது.

அது எவ்வளவு கூர்மை என்பதற்கு 1310-ஐப் பாருங்கள். டெம்ப்ளர் வீரத் துறவிகளின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. சபை முழுவதையும் பற்றிய விசாரணையைத் திருத்தந்தை நியமித்த ஆணையம் கவனித்தது. தனித்தனித் துறவிகளுக்குத் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு அந்தந்த மறைமாநிலச் சங்கத்துக்கு. பாரிஸில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எந்த மறைமாநிலம்? ஸான்ஸ். அங்கே அப்போதுதான் பேராயராக வந்திருந்தவர் ஃபிலிப் தெ மரிஞி, மன்னர் நான்காம் ஃபிலிப்பின் வலக்கையான ஆங்கெரான் தெ மரிஞியின் சகோதரர். ஆணையத்தின் முன் நூற்றுக்கணக்கான துறவிகள் சபைக்காக வாதாடத் துணிந்து நின்ற நேரத்தில், மரிஞி பாரிஸிலேயே தன் மாநிலச் சங்கத்தைக் கூட்டினார். முன்பு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இப்போது மறுப்பவர்கள் திரும்பவும் தவறான கொள்கையில் விழுந்தவர்கள் என்று தீர்ப்பானது. மே 12 அன்று 54 பேர் எரிக்கப்பட்டார்கள். எதிர்வாதம் அத்தோடு சரிந்தது. பாரிஸ் தனி மறைமாநிலமாக இருந்திருந்தால் மன்னர் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். இருந்த ஏற்பாடே அவருக்குப் போதுமானதாக இருந்தது. (இதை 1314-இல் தலைவர் ஜாக் தெ மொலே எரிக்கப்பட்டதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் வழக்கைத் திருத்தந்தை தம்மிடமே வைத்துக்கொண்டு கர்தினால்மாரிடம் விட்டிருந்தார்.)

நூல்களில் ‘ஸான்ஸ் சங்கம்’ என்று கண்டவுடன் அது ஸான்ஸ் ஊரில் நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெய்யியலாளர் அபெலாரின் கருத்துகளைப் புனித பெர்னார்து எதிர்த்த சங்கம் (பழைய நூல்களில் 1140, இப்போது பெரும்பாலும் 1141) ஸான்ஸிலேயே நடந்தது. லூத்தரின் கொள்கைகளைக் கண்டித்த 1528 சங்கம் நடந்தது பாரிஸில். கூட்டியவர் ஸான்ஸ் பேராயரும் அரசின் சான்சலருமான கர்தினால் ஆந்துவான் துப்ரா.

கே: பாரிஸின் மரே பகுதியில் ‘ஒத்தெல் தெ ஸான்ஸ்’ என்று கோட்டை போன்ற ஒரு மாளிகையைப் பார்த்தோம். தொடர்பு உண்டா?

ப: உண்டு. அடிக்கடி பாரிஸில் தங்க வேண்டியிருந்த ஸான்ஸ் பேராயர்களின் நகர இல்லம் அது. இப்போதுள்ள கட்டடத்தை 1475-இல் தொடங்கியவர் பேராயர் த்ரிஸ்தான் தெ சலஸார். பாரிஸ் பிரிந்த பிறகு பேராயருக்கு அங்கே வேலை குறைந்தது. வீடு வாடகைக்குப் போனது. இப்போது ஃபோர்னே நூலகம் அதற்குள் இயங்குகிறது.

கே: 1622-இல் என்னதான் நடந்தது?

ப: பதின்மூன்றாம் லூயி கேட்டார், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி கொடுத்தார். ஆணை மடலின் தேதி 1622 அக்டோபர் 20. அரசவை, உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கும் நகரின் ஆயர் வேறொரு சிறு நகரத்துப் பேராயருக்குக் கீழ் இருப்பது நீண்ட காலமாக அரசர்களை உறுத்தியது. முதல் பாரிஸ் பேராயர் ழான் ஃபிரான்சுவா தெ கோந்தி.

ஏழும் இப்படிப் பிரிந்தன: ஷார்த்ர், மோ, ஒர்லேயான் பாரிஸோடு போயின, த்ருவா, ஓஸேர், நெவேர் ஸான்ஸில் நின்றன. 1697-இல் ஷார்த்ரிலிருந்து பிரித்து உருவாக்கிய புளுவா மறைமாவட்டமும் பாரிஸுக்கே போனது. மாறியது மறைமாநிலம் மட்டும். ஸான்ஸின் சொந்த மறைமாவட்ட எல்லையில் 1622-இல் கை வைக்கவில்லை. அதனால் பாரிஸுக்கு அருகிலுள்ள மெலன், ஃபோந்தேன்புளோ, எத்தாம்ப் பகுதிகளில் புரட்சிவரை ஸான்ஸ் பேராயர்தான் நேரடி மேய்ப்பர். பலர் சறுக்கும் இடம் இது.

கே: ஸான்ஸ் பேராயருக்கு ‘காலியா, ஜெர்மானியா நாடுகளின் முதல்வர்’ என்ற பட்டம் எதற்கு? ஜெர்மனிக்கும் அவருக்கும் என்ன?

ப: 876-இல் திருத்தந்தை எட்டாம் யோவான், ஸான்ஸ் பேராயர் அன்செகீசுக்கு அந்த மதிப்பைத் தந்தார். ரேன்ஸ் பேராயர் ஹின்க்மார் உடனே எதிர்த்தார். 1079-இல் ஏழாம் கிரகோரி முதன்மையை லியோனுக்கு என்று உறுதிசெய்தார். ஸான்ஸ் நெடுநாள் முரண்டு பிடித்தது. இன்று வெறும் பட்டம்.

கே: அடுத்த ஆண்டு பிரான்சு போகிறோம். ஸான்ஸ் பேராலயத்தில் எதைப் பார்க்க வேண்டும்? அதுதான் முதல் கோதிக் பேராலயம் என்கிறார்களே, அது சரியா?

ப: ‘தொடக்கம் முதலே கோதிக் பாணியில் திட்டமிட்ட முதல் பேராலயம்’ என்று சொன்னால் சரி. பாரிஸுக்கு அருகிலுள்ள சேன் தெனி கோயிலின் புதிய பலிபீடப் பகுதி 1144-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் அது மடத்துக் கோயில், வேலையும் பகுதிப் பகுதியாக நடந்தது. ஸான்ஸில் பேராயர் ஆன்றி சங்லியே காலத்தில், 1135-க்கும் 1140-க்கும் இடையே வேலை தொடங்கிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு கூரைக் கட்டமும் ஆறு பகுதியாகப் பிரிந்திருக்கும். அதன் சுமை சமமாக இறங்காது. அதனால் கீழே ஒரு பெருந்தூண், அடுத்து ஒரு ஜோடி மெல்லிய தூண், மறுபடி பெருந்தூண் என்று மாறி மாறி நிற்கும். கூரையைத் தாங்கும் வளைந்த விலாக்கற்களில் அதிகமானவை கூடும் இடத்தில் பெருந்தூண். உயரம் சுமார் 24 மீட்டர்தான். பாரிஸ் நோத்ர் தாம் சுமார் 33 மீட்டர். உயரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். அகலத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு விருந்து.

எல்லாம் 12-ஆம் நூற்றாண்டு என்று நினைத்துவிடாதீர்கள். மேல் சன்னல்களை 13-ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கினார்கள்; முன்பு உள்ளே இருட்டு அதிகம். தென்கோபுரம் 1268-இல் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது பிறகு கட்டியது. சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குக் கைகள் 1490 முதல் மார்த்தான் ஷாம்பீழ் கட்டியவை, அந்தக் காலத்துப் பூவேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பலிபீடத்தைச் சுற்றிவரும் நடையின் வடபக்கம் தாமஸ் பெக்கெட் கண்ணாடியைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரான அவர் அங்கிருந்து தப்பிவந்து முதலில் பொந்திஞி மடத்தில் இருந்தார். 1166 முதல் 1170 வரை ஸான்ஸின் சேன்த் கொலோம்ப் மடத்தில் தங்கினார். அவருடைய திருவுடைகள் பேராலயக் கருவூலத்தில் இருக்கின்றன. 1174-இல் கேன்டர்பரி பேராலயத்தின் ஒரு பகுதி எரிந்தபோது அதைப் புதுக்கட்டப் போனவர் ஸான்ஸ் ஊர்க் கட்டடக்காரர் கியோம். 1178-இல் சாரத்திலிருந்து விழுந்து வேலையை விட வேண்டியதாயிற்று அவருக்கு.

இன்னொன்று: ஒன்பதாம் லூயி மன்னரின் திருமணம் 1234-இல் நடந்தது இங்கேதான்.

கே: புரட்சிக்குப் பிறகு ஸான்ஸ் என்ன ஆனது? சில நூல்கள் 1790-இல் ஒழிந்தது என்கின்றன, சில 1801, சில 1822-ஐயும் சொல்கின்றன.

ப: மூன்றும் மூன்று வேறு நிகழ்ச்சிகள்.

1790 ஜூலையில் நாடாளுமன்றம் குருக்களுக்கான குடிமைச் சட்டம் இயற்றியது. 130-க்கும் மேற்பட்ட மறைமாவட்டங்கள் 83 ஆயின, துறை (புரட்சி வகுத்த நிர்வாக மாவட்டம்) ஒன்றுக்கு ஒன்று. யோன் துறைக்கு இருக்கை ஸான்ஸிலேயே. ஆனால் பேராயர் பதவி போய், பாரிஸுக்குக் கீழ் வந்தது. 1622-இல் பாதி கவிழ்ந்த தராசு இப்போது முழுதாகக் கவிழ்ந்தது. அப்போதைய பேராயர் முன்னாள் நிதிப் பொறுப்பாளர் லொமேனி தெ பிரியேன். மறைமாவட்டப் பொறுப்பில் இருந்த ஆயர்களில் அந்தச் சட்டத்துக்கு உறுதிமொழி கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர் அதில் ஒருவர். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை; 1794-இல் கைதான நிலையில் இறந்தார். திருத்தந்தை இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அதனால் ரோமின் கணக்கில் 1790-இல் ஸான்ஸ் ஒழியவில்லை.

1801-இல் நெப்போலியனும் ஏழாம் பத்திநாதரும் செய்த ஒப்பந்தத்தில் பழைய மறைமாவட்டங்கள் எல்லாம் ரத்தாகி 60 புதியவை பிறந்தன. அந்தப் பட்டியலில் ஸான்ஸ் இல்லை. யோன் துறை முழுவதும் த்ருவா ஆயரிடம் போனது. காலம் காலமாக ஸான்ஸுக்குக் கீழ் இருந்த த்ருவா!

1817-இல் மீட்க ஒப்பந்தம் போட்டார்கள்; நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. 1822 அக்டோபர் ஆணை மடலோடுதான் மாநில ஏற்பாடு நிலைபெற்றது. மீண்ட பேராயர் லா ஃபார், 1789-இல் மூன்று வகுப்பார் பேரவை திறந்தபோது மறையுரை ஆற்றியவர். ஆனால் மீண்டது பழைய ஸான்ஸ் அல்ல. எல்லை யோன் துறை மட்டும். பழைய ஓஸேர் இதற்குள் அடங்கியது. மெலன், ப்ரோவான் மோ மறைமாவட்டத்துக்கும் மொந்தார்ஜி ஒர்லேயானுக்கும் போயே போய்விட்டன. கீழ் மறைமாவட்டங்கள் த்ருவா, நெவேர், புதிதாக உருவான மூலான்.

கே: இப்போது அங்கே பேராயர் உண்டா? பேராலயம் யாருக்குச் சொந்தம்?

ப: பேராயர் உண்டு, மறைமாநிலம் இல்லை. பெயர் ஸான்ஸ்–ஓஸேர். 1973 முதல் நிர்வாகம் ஓஸேரில். 2002 டிசம்பரில் பிரான்சின் மறைமாநிலங்களை மாற்றியமைத்தபோது ஸான்ஸ் திஜோனுக்குக் கீழ் வந்தது. பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பாலியம் என்பது தோளில் அணியும், ஆறு கறுப்புச் சிலுவைகள் பதித்த வெள்ளைக் கம்பளிப் பட்டை; அது மறைமாநிலத் தலைவருக்கு உரியது. ஆகவே ஸான்ஸ் பதவிக்காக அது இனி வராது. அல்பி, ஒஷ், பூர்ழ், அவிஞோன் பேராயர்களுக்கும் இதே நிலை. ஸ்ட்ராஸ்பூர்க் வேறு கதை: 1988-இல்தான் உயர்மறைமாவட்டம் ஆனது, நேரடியாக ரோமுக்குக் கீழ்.

பேராலயம் அரசுடையது. 1905 டிசம்பர் 9 சட்டத்துக்கு முன் அரசே சம்பளம் தந்தது. 1802 விதிப்படி பேராயருக்கு ஆண்டுக்கு 15,000 ஃபிராங்க், ஆயருக்கு 10,000. அந்தச் சட்டத்தோடு சம்பளம் நின்றது. பேராலயங்கள் அரசிடமும் பங்குக் கோயில்கள் ஊராட்சிகளிடமும் இருக்கின்றன. வழிபாட்டுக்கு மட்டும் திருச்சபை பயன்படுத்துகிறது. ஸான்ஸ் பேராயரின் பழைய அரண்மனை இன்று நகர அருங்காட்சியகம்.

கே: முதுகலை ஆய்வுக்கு இந்த மறைமாநிலத்தின் பழைய ஆவணங்களைப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

ப: தேடும் ஊர் 1790-க்கு முன் எந்த மறைமாவட்டத்தில் இருந்தது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இன்றைய துறையை வைத்து ஊகிக்காதீர்கள். மெலன் இன்று சேன்-எ-மார்ன் துறை. அதன் பழைய மறைமாவட்ட நிர்வாகத் தாள்களை அங்கே மட்டும் தேடினால் கிடைக்காது. பேராயர் அலுவலகக் கட்டுகளின் பெரும்பகுதி ஓஸேரிலுள்ள யோன் துறை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊரையும் மறைமாவட்டத்தையும் பொருத்திப் பார்க்கப் பழைய பங்கு வருமானப் பட்டியல்கள் உதவும். ஸான்ஸ் மாநிலத்துக்கானவை 1904-இல் அச்சில் வந்துவிட்டன.

துறைக் காப்பகங்கள் எல்லாவற்றிலும் எழுத்து வரிசை ஒன்றுதான். ஆயர், குருகுழு, பங்குகள் சம்பந்தப்பட்டவை ‘ஜே’ (பிரெஞ்சு அகரவரிசையின் ஏழாம் எழுத்து). துறவு மடங்கள் அதற்கு அடுத்த ‘ஆஷ்’. புரட்சிக்கால நிர்வாகம் ‘எல்’. பறிமுதல் செய்து விற்ற சொத்து ‘க்யூ’. 1800-க்குப் பிந்தைய வழிபாட்டு விவகாரம் ‘வே’. ஒரு மடத்தின் நிலம் என்னவாயிற்று என்று ‘ஆஷ்’ வரிசையிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். விற்பனைப் பத்திரம் ‘க்யூ’வில் இருக்கும்.

ஆயர் வரிசைக்கு, பிரெஞ்சு மறைமாவட்டங்களின் வரலாற்றைத் தொகுத்த ‘காலியா கிறிஸ்தியானா’ தொகுதிகளைப் பார்ப்பீர்கள். அது மாநில வாரியாக, ஆனால் 1622-க்குப் பிந்தைய மாநில வாரியாக அமைந்தது. ஸான்ஸ், த்ருவா, ஓஸேர், நெவேர் 12-ஆம் தொகுதியில். பாரிஸ் 7-ஆம் தொகுதியில். ஷார்த்ர், மோ, ஒர்லேயான் 8-இல். 12-ஐ மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் இடைக்கால மறைமாநிலத்தில் பாதிதான் கையில் இருக்கும்.

பங்குப் பதிவேடுகளில் திருமுழுக்குப் பதிவை 1539 ஆணையும் திருமணம், அடக்கப் பதிவை 1579 ஆணையும் கட்டாயமாக்கின. 1667 முதல் இரண்டு படிகள். ஒன்று பங்கில், மற்றொன்று நீதிமன்றத்தில். ஒரு படியில் பக்கம் கிழிந்திருந்தால் மற்றொன்றைக் கேளுங்கள். 1792 செப்டம்பர் 20 சட்டத்தோடு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு நகராட்சிக்குப் போனது. அதற்குப் பிந்தைய திருமுழுக்கு ஏடுகளை மறைமாவட்டக் காப்பகத்தில்தான் கேட்க வேண்டும்.

லத்தீனில் ‘செனோனென்சிஸ்’ ஸான்ஸ், ‘செனென்சிஸ்’ இத்தாலியின் சியன்னா. சுருக்கி எழுதிய கையெழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பக்கத்தில் வரும் ஊர்ப் பெயர்களை வைத்து முடிவு செய்யுங்கள். புனித லூ பெயரும் அப்படித்தான். த்ருவாவில் ஒரு ஆயர் லூ, ஸான்ஸில் இரு நூற்றாண்டு தள்ளி ஒரு பேராயர் லூ.

ஆய்வேடுகளில் அதிகம் பிழையாவது தேதிதான். அரச அலுவலகத்திலும் வட பிரான்சின் பல இடங்களிலும் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) அன்று தொடங்கியது. ‘1309 பிப்ரவரி’ என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் பெரும்பாலும் 1310. மே முதல் டிசம்பர் வரை கவலை இல்லை; ஜனவரி முதல் ஏப்ரல் கடைசி வரை ஒவ்வொரு தேதியையும் அந்த ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறோடு ஒப்பிட வேண்டும். ஜனவரி 1-ஐ ஆண்டுத் தொடக்கமாக்கியது 1564 ஆணை. நாடு முழுவதும் நடைமுறையானது 1567-இல். கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியதால் 1582-இல் டிசம்பர் 9-க்கு மறுநாள் டிசம்பர் 20. புரட்சி நாட்காட்டி 1805 டிசம்பர் 31 வரை ஓடியது. அதன் முதல் ஆண்டின் முதல் நாள் 1792 செப்டம்பர் 22. குறிப்பெடுக்கும்போது ஆவணத்தில் உள்ள தேதியை உள்ளபடி ஒரு பத்தியிலும் மாற்றிய தேதியைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதி வைத்தால், பிறகு சரிபார்க்க மறுபடி ஓஸேருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.